நிறுத்தும் விசையின் பங்கீடு

ஓடும் பேருந்தில் ஓட்டுநர் சட்டென்று பிரேக்கை மிதித்தால் நின்றுகொண்டிருப்போர் முன்புறம் சாய்கின்றனர். வண்டியின் எடையும் அவ்வாறே முன் சக்கரங்களின் மேல் சாய்கிறது. பிரேக் அமைப்போரின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

1,000 கிலோ எடையுள்ள காரொன்றை எடுத்துக்கொள்வோம். நிற்கையில் முன் அச்சில் 550 கிலோ, பின் அச்சில் 450 கிலோ. அச்சுகளின் இடைவெளி 2.5 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் அரை மீட்டர். ஈர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு வேகத்தடை ஏற்பட்டால், 1,000 × 0.7 × 0.5 ÷ 2.5, அதாவது 140 கிலோ முன்னே பெயரும். முன்னே 690, பின்னே 310! மெல்ல மிதித்தால் பெயர்ச்சி குறைவு. ஆகவே எக்காலத்துக்கும் பொருந்தும் ஒரே விகிதம் என்பது இல்லை.

பாஸ்கல் விதிப்படி, மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தம் எல்லாச் சக்கரங்களுக்கும் சமமாகவே செல்லும். முன் பிஸ்டன்களைப் பெரிதாக்கி அங்கே விசையைக் கூட்டலாம். ஆனால் அது மாறாத விகிதம். கடுமையாக மிதிக்கையில் எடை குறைந்த பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். முன் சக்கரம் பூட்டினால் திருப்ப முடியாது. எனினும் வண்டி பெரும்பாலும் நேரே போகும். பின் சக்கரம் பூட்டினாலோ பக்கவாட்டுப் பிடிப்பு அற்று, வண்டியே சுழன்றுவிடும். இரண்டாவதே கொடியது. எனவே முன் சக்கரமே முதலில் பூட்ட வேண்டுமென்பது பொறியாளர் கொள்கை.

இதற்கென வந்ததே விகித வால்வு. அதனுள் இரு முனைகளிலும் வேறுபட்ட பரப்புடைய பிஸ்டனும் ஒரு சுருள்வில்லும் உண்டு. குறித்த அழுத்தம் வரை, 30 பார் என்று வைத்துக்கொள்வோம், பின்புறத்துக்கும் முழு அழுத்தம் செல்லும். அதன்பின் ஏறும் ஒவ்வொரு 10 பாருக்கும் 4 பார் மட்டுமே பின்னே போகும்படி பரப்புகளை அமைத்தால், முன்னே 80 பார் இருக்கையில் பின்னே 50 பார்தான்.

இன்றைய கார்களில் சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் உணரிகளும் மின்னணுக் கருவியும் இப்பங்கீட்டைச் செய்கின்றன.

சுமை வண்டியின் கதை வேறு. வெறுமையாக இருக்கையிலும் பாரம் ஏற்றியபோதும் பின் எடை பெரிதும் மாறுபடுமன்றோ? எனவே சில வண்டிகளில் சட்டத்தில் பொருத்திய வால்வைப் பின் அச்சுடன் ஒரு கம்பி இணைக்கிறது. பாரத்தால் வில்பட்டை தாழத் தாழ, பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். அதிகப் பாரம் ஏற்றும் ஆசையில் கூடுதல் பட்டை சேர்ப்போர் இதை எண்ணுவதில்லை. வில் விறைத்துத் தாழாதபோது, பாரமே இல்லையென்று வால்வு கொள்ளும். நிறைபாரத்துடன் இறக்கத்தில் வரும் வண்டியில் பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். மீதி முழுவதையும் முன் பிரேக்குகளே சூடேறிச் சுமக்க நேரும்.