மலருக்கு, மலையேறும் முன்

பெருமாள்மலை

அன்பு மலருக்கு,

அத்தை எழுதுகிறேன். மார்கழியில் இங்கே போதி ஜென்டோ தியான மையத்தில் பத்து நாள் உட்காரப்போவதாக நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு நிறைந்தது. அடுத்த வரியில் பதறிவிட்டேன். ஏதோ வீடியோவில் பார்த்தாயாம், தியானம் செரட்டோனினைக் கூட்டிவிடுமாம், அதனால் மனச்சோர்வு மாத்திரையை இந்த மாதத்தோடு நிறுத்தப்போகிறாயாம். வேண்டாம் கண்ணு. உட்கார வா, ஆனால் மாத்திரையை நிறுத்தாதே. நர்சிங் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் மூச்சைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, வலது கையின் இரண்டு விரலை வைத்து நாடி பார். மூச்சை நிதானமாக உள்ளே இழு. நாடி சற்று வேகமெடுக்கும். இப்போது இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே இடைவெளி நீள்வது விரலுக்கே தெரியும். உன் வயசில் நன்றாகவே தெரியும். மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும் நேரத்தில் இதயத்தில் அசிட்டைல்கோலினை விடுவிக்கிறது. துடிப்பை அடக்குவது அந்த வேதிப்பொருள்தான். 1921-இல் ஆட்டோ லோவி இதைத் தவளை இதயங்களில் காட்டினார். ஒரு இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டிவிட்டு, அதிலிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். யாரும் தூண்டாத அந்த இரண்டாவது இதயமும் நிதானமாகிவிட்டது. 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே நடக்கும் வேதியியலை உன் விரல் நுனியிலேயே உணர முடிகிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

உன் அப்பாயி சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும் முகம் தெளிந்து எழுந்திருப்பாள், நினைவிருக்கிறதா? 2001-இல் இத்தாலியில் 23 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. லத்தீன் மொழியில் மரியே வாழ்க ஜெபத்தையும், 'ஓம் மணி பத்மே' மந்திரத்தையும் சொல்லவைத்து மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். எதைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்று தானாகவே இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்கிற அனிச்சைச் செயலும் கூர்மையானது. இங்கே லா சலேத் மாதா கோவிலிலும், மலையடிவாரத்துப் பழனியிலும் சனங்கள் மணிக்கணக்கில் உருப்போடுகிறார்களே, அதற்குள்ளும் இந்த மூச்சு இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன்.

நீ வரப்போகிற இடத்தைப் பற்றியும் தெரிந்துகொள். அதை 1996-இல் தொடங்கிய ஆமா சாமி, அதாவது அருள் மரிய ஆரோக்கியசாமி, ஒரு சேசு சபைக் குருவானவர். ஜப்பானில் காமகுராவில் யமாதா கோஉன் என்ற ஆசானிடம் ஜென் பயின்றவர். ஒரு தடவை உட்கார்ந்தால் 25 நிமிடம். பிறகு மெதுவாக நடை, மறுபடி உட்காருதல். ஜென்னில் கண்ணை மூடுவதில்லை. பாதி திறந்து, பார்வையைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள்.

இந்தக் கண் விஷயத்தை ஒட்டி ஒரு பழைய ஆராய்ச்சிக் கதை உண்டு. 1961-இல் டெல்லி எய்ம்ஸில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் சமாதியில் இருந்த யோகிகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்தார்கள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தார்கள், பெரிய சத்தம் போட்டார்கள், சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டார்கள். ஆல்ஃபா அலை கலையவே இல்லை. 1966-இல் டோக்கியோவில் கசாமட்சு, ஹிராய் என்ற இருவர் ஜென் துறவிகளுக்கு 'க்ளிக்' சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார்கள். நமக்கெல்லாம் நாலைந்து தடவை கேட்டதும் பழகிப்போகும். தேர்ந்த துறவிகளின் மூளையோ ஒவ்வொரு சத்தத்தையும் முதல் சத்தம் போலவே வாங்கிக்கொண்டது. கண் மூடியவர் உலகத்தை விட்டு விலகுகிறார், கண் திறந்தவர் உலகத்துக்கு விழித்திருக்கிறார் என்று எல்லாரும் மகிழ்ந்துபோய் எழுதினார்கள். 1981-இல் பெக்கரும் ஷபீரோவும் ஜென், யோகம், ஆழ்நிலைத் தியானம் மூன்றிலும் பழகியவர்களை வைத்து அதே மாதிரி சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை.

நீ பார்த்த வீடியோவுக்கும் இதே கதைதான். தியானத்தில் டோபமின் 65 சதவீதம் கூடுகிறது என்று சொல்லும் 2002-ஆம் ஆண்டு டென்மார்க் ஆய்வில் இருந்தவர்கள் எட்டே பேர், அதுவும் நன்கு பழகியவர்கள். எட்டு வாரத்தில் மூளையின் சாம்பல் பகுதி அடர்த்தியாகிறது என்று 2011-இல் வந்த செய்தியை உலகமே கொண்டாடியது. 2022-இல் 218 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, எட்டு வாரப் பயிற்சியால் மூளையின் அமைப்பில் மாற்றம் தென்படவில்லை. செரட்டோனின் கூடுகிறது என்பதற்கு இதைவிடவும் மெலிந்த ஆதாரம்தான் இருக்கிறது. அதை நம்பியா மாத்திரையை விடப்போகிறாய்?

தியானத்தால் பலனில்லை என்று நான் சொல்லவில்லை. 2014-இல் 47 ஆய்வுகளை, 3,515 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றும் ஓரளவு குறைவது தெரிந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்று மட்டும் காட்ட முடியவில்லை. மருந்தோடு சேர்ந்து நடக்கிற துணை அது. எனக்கு அது போதும், உனக்கும் போதும்.

நீ சாப்பிடுகிற வகை மாத்திரையைத் திடீரென்று விட்டால் தலைசுற்றலாம், தூக்கம் கெடலாம், எரிச்சல் வரலாம். சிலருக்குத் தலைக்குள் மின்சாரம் பாய்கிற மாதிரி வெட்டும். பழைய சோர்வே திரும்பவும் கூடும். அந்த நிலையில் நாள் முழுக்கப் பேச்சில்லாமல் உட்கார்ந்தால், இது மருந்து விட்டதால் வந்ததா, தியானத்தால் வந்ததா என்று உனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாது. நீண்ட மௌனத்தில் அடங்கியிருந்த துக்கமெல்லாம் மேலே வரும். நன்றாக இருப்பவர்களுக்கே பயமும் தூக்கமின்மையும் வந்ததைப் பதிவுசெய்திருக்கிறார்கள். குறைக்க வேண்டுமென்றால் உன் டாக்டர் சொல்கிற அளவில், பல வாரங்களில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். அதை மலைக்கு வருகிற மாதத்தில் ஆரம்பிக்காதே.

பத்து நாளும் இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மூன்று நாள் வந்து பார். மருந்து சாப்பிடுவதை ஜென்டோவுக்கு முன்கூட்டியே எழுதிச் சொல், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொடைக்கானல் ஏரிப் பக்கம் 2,000 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இந்த ஊரும் உயரம்தான். முதல் இரண்டு நாள் மூச்சு சற்று வேகமாக இருக்கலாம், தூக்கம் கலையலாம். தியானம் கைகூடவில்லை என்று கலங்காதே, உடம்பு மலைக்குப் பழகுகிறது. கிளம்பும்வரை உன் ஊரிலேயே காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, வெளிமூச்சை மட்டும் கவனித்து வா.

டாக்டரிடம் பேசிவிட்டுத் தேதியை எழுது. வத்தலக்குண்டு வழியாக வருகிற பஸ் என்றால் கொடைக்கானல் வரை போகாமல் பெருமாள்மலையிலேயே இறங்கு, மாமா வந்து நிற்பார். கனமான ஸ்வெட்டர் ஒன்று போதாது, இரண்டு எடுத்து வை. மாத்திரை அட்டையைப் பெட்டியில் போடாதே, கைப்பையில் வைத்துக்கொள்.

உன் அத்தை