பிறையின் விளிம்புக்கு எந்தக் கருவி?

வடசேரிக் கோயில் நகைகளில் கணினியில் செய்ய எளிதானது எது என்று கேட்டால், சந்திரபிறை என்றுதான் சொல்லத் தோன்றும். ராக்கொடியில் நடுக்கல்லைச் சுற்றி அன்னமும் இதழ்களும் நெருக்கியடித்து நிற்கும். ஜடைநாகத்தில் பின்னலின் நீளத்துக்கு வேலை இருக்கும். நடனமணியின் வகிட்டுக்கு இடப்புறம் அமரும் பிறையோ, ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்தைக் கழித்தால் மிஞ்சுவது. ஆனால் ஸீபிரஷ் போன்ற சிற்ப மென்பொருளில் கை தேர்ந்தவர்களும் திணறுவது அதில்தான். யாளி முகத்தை ஒரே மாலையில் உருட்டிவிடுகிறவருக்கு, பிறையின் உள்வளைவு மட்டும் மேடும் பள்ளமுமாகவே வரும். தூரிகை களிமண்ணைத் தள்ளுவதற்கென்று ஏற்பட்டது. வளைவு இம்மியும் பிசகக் கூடாது, ஓரமும் கூராக முடிய வேண்டும் என்றால் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதே நல்லது.

மாற்று வழிகள் நாலைந்து உண்டு. எதை எடுப்பது என்பதற்கு மென்பொருளின் பெயரைப் பார்க்க வேண்டாம். விளிம்பு எப்படிப் பிறக்கிறது, செய்த பொருள் கடைசியில் எங்கே போகிறது என்று பாருங்கள். ரெசினில் அச்சடித்து வெள்ளியில் வார்க்கவா, மயிலாடிக் கல்பட்டறையில் சிஎன்சி இயந்திரத்தில் கடையவா, திரையில் காட்ட மட்டும்தானா?

ஸீபிரஷில் எல்லோர் கையும் முதலில் போவது கிளிப் கர்வ் கருவிக்கு. கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் அழுத்திக் கோடு இழுக்க வேண்டும். இழுக்கும்போது ஆல்ட்டை ஒருமுறை தட்டினால் கோடு வளையும், இருமுறை தட்டினால் முனை திரும்பும். கோட்டின் நிழல் விழும் பக்கம் ஒதுங்கிவிடும். பார்க்க வெட்டியது மாதிரி இருந்தாலும் அது வெட்டுவதில்லை. அந்தப் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டுவந்து கோட்டில் நசுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். பாலிகான்கள் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அதை அப்படியே அச்சுக்கு அனுப்பினால் தொல்லைதான். பீடத்தின் அடியைத் தட்டையாக்க இது போதும், பிறைக்கு வேண்டாம். நைஃப் கர்வ் உண்மையிலேயே வெட்டும், வெட்டுவாயை மூடியும் தரும். ஆனால் வளைவை இழுப்பது உங்கள் கைதானே!

ஸீபிரஷின் டைனமெஷை நம்பியும் பலர் ஏமாறுகிறார்கள். அது பொருள் முழுவதையும் சம அளவுக் கட்டங்களாக மறுபடி நெய்கிறது. கட்டத்தோடு ஒத்துப்போகாத ஓரம் படிக்கட்டு போலச் சிதையும். ரெசல்யூஷனைக் கூட்டினால் படி சிறிதாகும், ஒழியாது. பாலிஷ் போட்டால் படியோடு விளிம்பும் சேர்ந்து போய்விடும். பிளெண்டரின் வோக்செல் ரீமெஷும் அப்படித்தான். கூர்விளிம்புள்ள பாகத்தைக் கடைசிவரை தனி சப்டூலாக வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பிறைக்கு என் தேர்வு பூலியன், அதாவது ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றைக் கழிப்பது. இரண்டு பரப்புகள் சந்திக்கும் இடத்தில் விளிம்பு தானாகவே பிறக்கிறது, அதை யாரும் கூராக்க வேண்டியதில்லை. ஓர் உதாரணம்: 15 மி.மீ. ஆரமுள்ள உருளை ஒன்று. 12 மி.மீ. ஆரத்தில் இன்னொன்றை அதன் மையத்திலிருந்து 5 மி.மீ. மேலே தள்ளி வைத்துக் கழியுங்கள். அடிவயிறு 8 மி.மீ. அகலத்தில் வரும். இரு முனைகளும் மையத்திலிருந்து ஏறக்குறைய 45 பாகையில் ஏறி நிற்கும். இடமும் வலமும் ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்கக்கூடத் தேவையில்லை. மெலிந்த பிறை வேண்டுமென்றால் உள்வட்டத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், தீர்ந்தது. ஸீபிரஷின் லைவ் பூலியனில் இது நகர்த்த நகர்த்தத் திரையில் தெரியும், பிடித்தபின் மெஷ்ஷாக மாற்றிக்கொள்ளலாம். பிளெண்டரில் பூலியன் மாடிஃபையர் இதே வேலையைக் காசில்லாமல் செய்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, கணினியின் வட்டம் வட்டமல்ல, பலகோணம். 15 மி.மீ. ஆர உருளையை 32 பக்கங்களோடு செய்தால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உண்மை வட்டத்திலிருந்து 0.07 மி.மீ. உள்ளே இறங்கியிருக்கும். பளபளக்கும் உலோகத்தில் அது பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். 64 பக்கங்களில் இறக்கம் 0.018, 128 பக்கங்களில் 0.005க்கும் கீழே. கழிப்பதற்கு முன்பே 128 வைத்துவிடுங்கள், பின்னால் கூட்ட முடியாது. ஸீபிரஷில் உருளையை மெஷ்ஷாக மாற்றுவதற்கு முன் இனிஷியலைஸ் பகுதியிலேயே இந்த எண்ணைக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, முனை. மேலே சொன்ன அளவில் இரு வளைவுகளும் சுமார் 17 பாகைக் கோணத்தில் சந்திக்கின்றன. முனையிலிருந்து 3 மி.மீ. தள்ளித்தான் அகலம் 1 மி.மீ.யைத் தொடும். அதற்கு அப்பால் உள்ள மெல்லிய நுனிக்குள் உருக்கிய வெள்ளி ஓடி நிறைவது நிச்சயமில்லை. நுனியை மழுக்கி அங்கே ஒரு சிறு மணியை உட்கார வைத்தால் வார்ப்பும் தப்பும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். மற்ற விளிம்புகளை 0.1 அல்லது 0.2 மி.மீ. சரித்து மழுக்கிப் பெவல் கொடுங்கள். பெவலே இல்லாத ஓரம் திரையில் அட்டையில் வெட்டியதாகத் தெரியும், கையிலோ தோலைக் கீறும்.

பத்ம பீடத்தின் தாமரை இதழுக்குப் பூலியன் ஆகாது. இதழின் முதுகு இருபுறமும் வளைகிறது, நடு நரம்பு மட்டும் கூராக ஓடி நுனியில் மங்குகிறது. இங்கே சில பாலிகான்களில் கூடு கட்டி, சப்டிவிஷன் கொடுத்து, வேண்டிய ஓரங்களை மட்டும் கூராக நிறுத்தும் கிரீஸ் போடுவதுதான் வழி. எட்வின் கேட்மல்லும் ஜிம் கிளார்க்கும் 1978இல் வெளியிட்ட சப்டிவிஷன் முறைதான் இன்றும் இதற்கெல்லாம் அடித்தளம். முழுக்கூருக்கும் முழுமழுங்கலுக்கும் நடுவே பாதிக்கூர் விளிம்பு வைக்கும் நுட்பத்தை பிக்ஸார் 1997இல் தன் கெரிஸ் கேம் குறும்படத்தில் பயன்படுத்தியது. பிளெண்டரில் ஷிஃப்டும் ஈ-யும் அழுத்தி 0க்கும் 1க்கும் நடுவே எண் கொடுப்பது அந்த நுட்பம்தான். ஸீபிரஷில் கிரீஸ் லெவலை 2 அல்லது 3 என்று வைத்து, டிவைடை அதற்கு மேலே கொண்டுபோனால் முதல் சில படிகளில் ஓரம் கூராக நின்று, பிறகு மெல்ல உருளும். தனியாகப் பெவல் போடாமலேயே உலோகத்துக்குரிய விளிம்பு கிடைத்துவிடுகிறது. நான் அதிகம் கைவைப்பது இந்த எண்ணில்தான். ஒரே இதழைச் செய்து வட்டமாக அடுக்குங்கள். கைவேலையின் உயிர் வேண்டுமானால் அடுக்கிய பிறகு ஒன்றிரண்டு இதழ்களைத் தூரிகையால் லேசாக அசைத்துவிடலாம்.

கபோதம், விருத்த குமுதம் போன்ற அதிட்டான உறுப்புகளைச் செதுக்கப் போகிறவர்கள் வேலையைத் தாங்களே கூட்டிக்கொள்கிறார்கள். சுசீந்திரம் கோயிலில் மண்டபத்தின் பக்கம் நின்று பார்த்தாலே தெரியும், அது ஒரே வெட்டுமுகம் நீளமாக ஓடுவது. அந்த முகத்தை பெசியர் கோட்டில் வரைந்து பாதையோடு ஓட்டுங்கள். மூலையில் மட்டும் கவனம் வேண்டும். கபோதக் கூடுகளைத் தனியே செய்து ஒட்டிக்கொள்ளலாம்.

நகைக்கென்றே உள்ள கேட் மென்பொருள் எப்போது தேவை? ரைனோவும் அதன்மேல் ஓடும் மேட்ரிக்ஸ்கோல்டும் நர்ப்ஸ் கணக்கில் வேலை செய்பவை. அங்கே வட்டம் உண்மையான வட்டம், வரையும்போது பட்டைப் பிரச்சினை கிடையாது. ஒரே மாதிரிக் கற்களை வரிசையாகப் பதிக்கும் நவீன நகைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. வடசேரி வேலைக்கு அந்தப் பணத்தைப் போடுமுன் யோசியுங்கள். கெம்புக் கல்லை அரக்கின்மேல் உட்கார வைத்து, சுற்றிலும் தங்கத் தகட்டை அழுத்திப் பிடிக்கும் மரபுக்கு அதன் கொக்கிப் பதிப்பு நூலகம் உதவாது. கற்களும் ஒரே அளவில் வருவதில்லை. குழிகளைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, கல்லைப் பார்த்து ஆசாரி சரிசெய்துகொள்ள இடம் வைப்பதே மேல். அதற்குப் பிளெண்டர் போதும். ஸீபிரஷுக்குச் சந்தா கட்டுவது அன்னமும் யாளியும் செதுக்குகிறவர்களுக்குத்தான் கட்டுபடியாகும். டேப்லெட்டில் நோமேட் ஸ்கல்ப்ட் வைத்திருப்பவர்கள் யோசனையைக் கிறுக்கிப் பார்க்கலாம். கடைசி விளிம்பை அதில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

வார்ப்புக்குப் போகும் கோப்பை முடிக்குமுன், சுருக்கத்துக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று வார்ப்புப் பட்டறையில் கேட்டுவிடுங்கள். உலோகத்துக்கும் மெழுகுக்கும் ஏற்ப அது மாறும். பாலிஷ் சக்கரம் ஓரத்தைத் தின்னும் என்பதால், நகையில் விளிம்பைத் தேவைக்குச் சற்றுக் கூடுதல் கூராகவே விட வேண்டும்.

கல்லுக்குக் கணக்கு நேர்மாறு. கருங்கல்லில் வெளிமூலை அதிகக் கூராக இருந்தால் கடையும்போதே மூக்கு உடைந்துவிடும், அதனால் பெவலைத் தாராளமாக வையுங்கள். உள்மூலையிலோ, சுழலும் கருவியின் ஆரத்தைவிடக் கூரான எதையும் இயந்திரம் கடையாது. இதழுக்கும் இதழுக்கும் நடுவிலுள்ள பிளவை நீங்கள் எவ்வளவு கூராக வரைந்தாலும் கல்லில் அது உருண்டுதான் வரும். அந்தப் பிளவுகளில் மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கல்லை மிச்சம் விட்டுக் கோப்பை அனுப்பிவிட்டு, மிச்சத்தை உளிக்கு விட்டுவிடுங்கள்.