முறுக்கு கொஞ்சம் பொறுக்கட்டும்

"ஸ்க்ரூ வெச்சு மூணு வாரம் ஆச்சு, வலியே இல்ல. முறுக்கு கடிக்கலாமா டாக்டர்?" பல் இம்ப்ளாண்ட், அதாவது பல் போன இடத்தில் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய ஸ்க்ரூ, வைத்துக்கொண்டவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. வலி போனதையும் எலும்பு பிடித்ததையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால் வரும் குழப்பம்.

நம்பிக்கை: ஸ்க்ரூவை ஏதோ பசை போட்டுத்தான் தாடையில் ஒட்டுகிறார்கள்.

உண்மை: எலும்புக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே பசையே கிடையாது. காற்றுப் பட்டதுமே டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். எலும்பு செல்கள் அந்தப் படலத்தின் மேல் தாராளமாகப் படர்ந்து வளரும். 1950-களில் ஸ்வீடன் ஆய்வாளர் பிரோனமார்க், ரத்த ஓட்டத்தை ஆராய முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் அது வரவில்லை. எலும்பு அதைக் கவ்விக்கொண்டிருந்தது. 1965-இல் அவர் முதன்முதலாக இம்ப்ளாண்ட் வைத்தவருக்கு அது 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

நம்பிக்கை: முதல் நாளே ஆடாமல் இருந்தால் பிடித்துவிட்டது, இனி நாளுக்கு நாள் இறுகத்தான் செய்யும்.

உண்மை: முதல் நாள் பிடிப்பு, மரக்கட்டையில் திருகாணி நிற்பதைப் போன்றதுதான். அதன்பின் உடல், நெரிபட்ட எலும்பை அரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாகக் கட்டத் தொடங்குகிறது. பழைய பிடிப்பு தளர்ந்து, புதியது இன்னும் வலுப்பெறாத கட்டம் ஏறக்குறைய 2 முதல் 4 வாரம். முறுக்குக் கேள்வி வருவதும் சரியாக அப்போதுதான்! அந்த நேரத்தில் ஸ்க்ரூ சுமார் 150 மைக்ரானுக்கு மேல், அதாவது இரண்டு தலைமுடி கனம், அசைந்துகொண்டே இருந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும். பிறகு அது பிடிக்காது. கீழ்த்தாடைக்குச் சுமார் 3 மாதம், எலும்பு மென்மையான மேல்தாடைக்கு 6 மாதம் வரை என்று டாக்டர்கள் கெடு சொல்வது இதற்காகத்தான்.

நம்பிக்கை: சர்க்கரை இருந்தால் எலும்பு ஒட்டவே ஒட்டாது.

உண்மை: சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. கட்டுப்பாடு தவறினால்தான் புண் ஆறுவது தாமதமாகும். சர்க்கரையைப் பற்றிப் பயப்படும் பலர் சிகரெட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்து, எலும்பு கட்டும் வேலையைக் கெடுக்கும்.

நம்பிக்கை: எலும்பு பிடித்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை, உலோகம் சொத்தையாகுமா என்ன?

உண்மை: சொத்தையாகாது. ஆனால் சுற்றியுள்ள ஈறு பழுத்தால், அடியில் எலும்பு கரையும். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே, அழுத்தத்தை உணரும் மெல்லிய நார்ப்படலம் உண்டு. இம்ப்ளாண்டுக்கு அது இல்லை. அதனால் கெடுதல் பல நேரம் வலிக்காமலே முற்றிவிடும்.

தொடக்கத்தில் மட்டுமல்ல, பிற்பாடும் வலியில்லாததை நம்பி முடிவெடுக்க முடியாது. டாக்டர் தட்டிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துச் சொல்லும்வரை முறுக்கு டப்பாவிலேயே இருக்கட்டும்.