ஒரு நகரம், மூன்று சான்றுகள்

நினைவுச் சின்னம் என்றதும் கட்டியவர் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்வதே மாணவர்களின் வழக்கம். ‘இது எதற்குச் சான்று?’ என்று கேட்க அவர்களைப் பழக்குவதற்காக, ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள கொலோன் நகரைப் பத்தாம் வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். காய்ச்சலின்போது நெற்றியில் நனைத்துப் போடும் யூடிகோலன் என்பதற்குக் ‘கொலோன் நீர்’ என்று பொருள். இதைச் சொல்லித் தொடங்கினால் ஊர்ப் பெயர் மனத்தில் பதிந்துவிடும். பிறகு மூன்று சான்றுகளையும் படங்களாகக் காட்டுகிறேன்.

சான்று 1: தரை

1941இல் பதுங்கறைக்காகத் தோண்டியபோது, ரோமானிய மாளிகை ஒன்றின் விருந்துக்கூடத் தரை வெளிப்பட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு துண்டுகளைப் பதித்து உருவாக்கிய இதன் பரப்பு சுமார் 70 சதுர மீட்டர். தரையை இடம் மாற்றாமல், அதற்கு மேலேயே ரோமன்-ஜெர்மானிய அருங்காட்சியகத்தைக் கட்டி 1974இல் திறந்தார்கள்.

வினா: தரையை வேறிடத்துக்குக் கொண்டுபோயிருந்தால் எந்தச் செய்தியை இழந்திருப்போம்?

சான்று 2: வரைபடம்

கொலோன் பேராலயப் பணி 1248இல் தொடங்கி, 16ஆம் நூற்றாண்டில் நின்றுபோனது. பாதியில் நின்ற கோபுரத்தின் மேல் பாரம் தூக்கும் மரப்பொறி முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே நின்றது. காணாமற்போன முகப்பு வரைபடத்தின் ஒரு பாதி 1814இல் டார்ம்ஸ்டாட் நகரிலும், மறுபாதி 1816இல் பாரிஸிலும் கிடைத்தன. 1842இல் பணி மீண்டும் தொடங்கியது. வரைபடத்தைப் பின்பற்றி 1880இல் 157 மீட்டர் உயரக் கோபுரங்கள் நிறைவடைந்தன.

வினா: இது எந்த நூற்றாண்டின் கட்டடம்? (இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. காரணத்துக்கே மதிப்பெண் தருகிறேன்.)

சான்று 3: சுவர்

எல்-டே இல்லம் என்ற கட்டடம் 1935 முதல் 1945 வரை ஹிட்லரின் இரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் கொலோன் தலைமையிடமாக இருந்தது. அதன் கீழ்த்தளச் சிறை அறைகளில் கைதிகள் சுவரில் கீறிய எழுத்துகள் சுமார் 1,800 உள்ளன. பல, கட்டாய வேலைக்காகப் பிடித்துவரப்பட்டவர்கள் எழுதியவை. போருக்குப் பின் அதே கட்டடத்தில் அலுவலகங்கள் இயங்கின. 1981இல்தான் சிறை அறைகள் நினைவிடமாயின.

செயல்பாடு

வகுப்பை நகர மன்றமாக்குகிறேன். ‘அலுவலகத்துக்கு இடம் போதவில்லை, சிறைச் சுவர்களுக்கு வெள்ளையடிக்கலாமா?’ என்பது தீர்மானம். ஒரு குழு ஆதரித்தும் மற்றொன்று எதிர்த்தும் பேச வேண்டும். ‘ஊருக்கு அவமானமான இடத்தை ஏன் காட்ட வேண்டும்?’ என்ற வாதம் தவறாமல் எழும். உடனே பதில் சொல்லிவிடாமல், ‘அந்தச் சுவரை அழித்தால் யாருடைய சாட்சியம் அழியும்?’ என்று மட்டும் கேட்கிறேன். பேராலயத்தைக் கட்டியவர்களுக்குக் கோபுரம் இருக்கிறது. கைதிகளுக்கு அந்தச் சுவர் மட்டுமே இருக்கிறது. இதை மாணவர்களே கண்டு சொல்ல நேரம் கொடுங்கள்.

மதிப்பீடு

மூன்று சான்றுகளில் ஒன்றை மட்டுமே காப்பாற்ற முடியும் என்றால் எதைக் காப்பாற்றுவாய்? ஐந்து வரிகளில் காரணம் எழுதுக.