சின்ன அளவு, பெரிய சாட்சி



1 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தில், நரைத்த சாமுவேல் ஜனங்கள்முன் நின்று, தான் யாரிடமாவது லஞ்சம் வாங்கினதுண்டா என்று கேட்கிறார். ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. லூக்கா 19-இல் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். ஒருவர் கறைபடாதவர், மற்றவர் கறையைக் கழுவியவர்.

நான் சகேயு கட்சி. வெர்னியர் காலிப்பரைத் தொடாமலே, பக்கத்துப் பையனின் ரீடிங்கை ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டேன். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். கைநாட்டு வைக்கும் அம்மா அந்தப் பக்கத்தைப் பெருமையாய்த் தடவிப் பார்த்தாங்க. ராத்திரி தூக்கமே வரல.

மறுநாள் சாரிடம் சொன்னேன். கையெழுத்தை அடித்துவிட்டு, திரும்ப அளக்கச் சொன்னார். என் சொந்த ரீடிங் 2.46 செ.மீ.

நாளைக்குப் பாலத்துக்கும் ரோட்டுக்கும் அளவு எழுதப்போவது இதே கைதானே, நண்பர்களே!