தண்ணீரின் மேல் கண் வை

அன்புத் தம்பிக்கு,

மரவள்ளி மாவுச்சத்தில் மருந்தைச் சேர்த்து ஸ்ப்ரே டிரையரில் பொடியாக்குவதுதான் உன் எம்.ஃபார்ம் ஆய்வு என்று எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. கரைசலைத் துளிகளாகத் தெளித்து உலர்த்தும் இந்த முறைக்கு 1872இல் சாமுவேல் பெர்சி காப்புரிமை பெற்றார். பால் பவுடரும் இன்ஸ்டன்ட் காபியும் இதில்தான் வளர்ந்தன. மெஷினை ஓட்ட ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வாய். அதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறேன்: தொடக்கம் முதல் முடிவுவரை தண்ணீரின் மேல் கண் வை.

பச்சைத் தண்ணீரில் மாவுச்சத்து கரையாது, அடியில் படிந்துவிடும். 65, 70 டிகிரிக்குச் சூடாக்கினால் மாவுமணிகள் நீரைக் குடித்து உப்பி, கஞ்சி இறுகும். அந்தக் கஞ்சி நாசிலை அடைக்கும்போது பம்பின் வேகத்தைக் கூட்டத் தோன்றும், கூட்டாதே. கரைசலை நீர்க்கச் செய். அல்லது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை நொதியால் வெட்டிக் கிடைக்கும் மால்டோடெக்ஸ்ட்ரினை எடுத்துக்கொள்.

நாசில் தெளிக்கும் துளிகளை உலர்த்த உள்ளே போகும் காற்று 160 டிகிரி என்றதும் மருந்து கெட்டுவிடுமோ என்று பயப்படுவாய். துளியில் ஈரம் இருக்கும்வரை, ஆவியாகும் நீரே சூட்டை வாங்கிக்கொண்டு மருந்தைக் காக்கிறது. ஈரம் போனபின்தான் துகள் வெளியேறும் காற்றின் சூட்டை நெருங்கும். ஆகவே அவுட்லெட் வெப்பநிலையை விடாமல் பார். அது குறைந்தால் மிஞ்சிய ஈரம் பொடியை இளக்கிச் சுவரில் ஒட்ட வைக்கும். எல்லை மீறினால் மருந்து சிதையும்.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பல துகள்கள் சுண்டைக்காய் வற்றல்போலச் சுருங்கித் தெரியும். மேலே முதலில் தோல் கட்டி, உள்ளிருந்த நீர் பிறகு வெளியேறியதால் வந்த சுருக்கம் அது. நுரையீரலுக்கான பொடி என்றால் 1 முதல் 5 மைக்ரான் வரை வேண்டும். சுருக்கம் அதற்குக் கேடில்லை, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிய உதவவும் கூடும்.

பொடி எடுத்த கையோடு பாட்டிலை மூடு. மழைக்காலக் காற்றில் மாவுச்சத்து ஈரத்தை இழுக்கும். படிகமாகாமல் அதில் அடங்கியிருந்த மருந்து மெல்லப் படிகமாகும். பிறகு அது கரையும் வேகமே மாறிவிடும். அந்த மாற்றத்தை அனுபவிக்கப்போவது நோயாளி. இரண்டு பேட்ச் இரண்டு விதமாகக் கரைந்தால், ஒரே அளவு மருந்து சாப்பிட்டும் அவருக்கு ஒரே பலன் கிடைக்காது.

எத்தனை கிராம் பொடி கிடைத்தது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். உன் நோட்டில் அதற்கு மேலே ஈரப்பத அளவை எழுது. எடுத்த அன்றும், ஒரு மாதம் கழித்தும் கார்ல் ஃபிஷர் ஈரப்பதச் சோதனையில் பார்த்து, இரண்டையும் எனக்கு அனுப்பு. சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
அண்ணன்