வானிலை, விலை விவரங்களை இணையத்திலிருந்து இணைத்துப் பெறும் முறைகள்

விதைக்கும் நாள், மருந்து தெளிக்கும் வேளை, விளைபொருளை விற்கும் இடம் ஆகிய மூன்றையும் சரியாகத் தேர்ந்தெடுப்பதில் உழவரின் ஆதாயம் பெரிதும் அடங்கியுள்ளது. இவற்றிற்கு வேண்டிய விவரங்கள் இன்று இணையத்தில் அன்றாடம் கிடைக்கின்றன. 1875 ஆம் ஆண்டு தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறை வானிலை விவரங்களைத் தருகிறது. 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அக்மார்க்நெட் பல சந்தைகளின் விலைகளைத் திரட்டித் தருகிறது. 2016 ஏப்ரல் 14 அன்று மின்னணு தேசிய வேளாண் சந்தை தொடங்கப்பட்டது.

எனினும் ஒவ்வொரு விவரமும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு அளவில் உள்ளது. எல்லா உழவர்களும் நாள்தோறும் இவற்றைத் தேடிப் பார்ப்பது இயலாத காரியம். எனவே, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சில இவ்விவரங்களை ஓரிடத்தில் சேர்த்து, உறுப்பினர்களின் கைபேசிக்கு அனுப்ப முன்வந்துள்ளன. கணினி வேலையை அது தெரிந்தவர் செய்து கொடுப்பார். ஆனால் அது சரியாகச் செய்யப்பட்டுள்ளதா என்று கேட்க வேண்டியவர்கள் உழவர்களே. அதற்கு உதவும் வகையில் இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

இணைப்புத் தளம் என்றால் என்ன?

ஏரியில் நீர் இருந்தால் மட்டும் பயிர் விளைவதில்லை. மடை திறந்து, வாய்க்கால் வழியே வந்து, அவரவர் பாத்திக்கு அளவோடு பிரிய வேண்டும். நீர்பாய்ச்சி இருந்து முறையைக் கவனிக்க வேண்டும். விவரங்களுக்கும் இதே நிலைதான்.

விவரத்தைத் தரும் இணையச் சேவை ஏரியைப் போன்றது. அதில் ஒரு கணினி மற்றொரு கணினியிடம் விவரம் கேட்டுப் பெறுவதற்கென உள்ள வாயிலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். இது மடையைப் போன்றது. பல மடைகளிலிருந்து வரும் விவரங்களை வாங்கி, ஒரே அளவுக்கு மாற்றி, சரிபார்த்து, உரியவருக்குப் பிரித்து அனுப்பும் மென்பொருளே இணைப்புத் தளம். இதுவே நமது நீர்பாய்ச்சி.

இத்தகைய தளங்கள் பல உள்ளன. 2013 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவான நோட்-ரெட் இலவசமாகக் கிடைக்கும் ஒன்று. இதில் திரையின் மேல் பெட்டிகளை வைத்து, அவற்றைக் கோடுகளால் இணைத்து, விவரம் போக வேண்டிய வழியை அமைக்கலாம்.

விவரம் வரும் வழி

1. நேரம் குறித்தல்: எந்த விவரத்தை எப்போது கேட்க வேண்டும் என்று தளத்தில் குறித்து வைக்கப்படுகிறது.

2. கேட்டுப் பெறுதல்: தளம் குறித்த நேரத்தில் சேவையை அணுகிக் கேட்கிறது. பல சேவைகள் பதிவு செய்தவருக்கு மட்டும் ஒரு சாவிக் குறியீட்டைத் தருகின்றன. அதைக் காட்டினால்தான் விவரம் கிடைக்கும். மைய அரசின் திறந்த தரவுத் தளத்திலிருந்து சந்தை விலைகளைப் பெறவும் இத்தகைய சாவி வேண்டும்.

3. மாற்றுதல்: விவரம் பெரும்பாலும் ஜேசான் என்னும் எழுத்து அமைப்பில் வருகிறது. மாவட்டம், சந்தை, விளைபொருள், இரகம், வரத்துத் தேதி, குறைந்த விலை, அதிக விலை என்று ஒவ்வொன்றும் பெயரிட்டுத் தரப்படும். இவற்றில் நமக்கு வேண்டியதைத் தளம் பிரித்தெடுக்கும்.

4. சரிபார்த்தல்: தேதி, அளவு, இடம் ஆகியவை பொருந்துகின்றனவா என்று பார்க்கப்படும்.

5. அனுப்புதல்: குறுஞ்செய்தியாகவோ, வாட்ஸ்அப் செய்தியாகவோ உறுப்பினருக்குச் செல்லும்.

மேலே கூறியது நாமே சென்று கேட்கும் முறை. தபால் நிலையத்திற்குப் போய்க் கடிதம் வந்துள்ளதா என்று விசாரிப்பது போன்றது. தபால்காரர் வீட்டுக்கே வந்து கொடுப்பது போன்ற மற்றொரு முறையும் உண்டு. தானியங்கி மழைமானி, மழை பெய்தவுடன் தானே தளத்துக்குச் செய்தி அனுப்புமாறு அமைக்கலாம்.

ஒரு நட்டம் தந்த பாடம்

மேற்கண்ட ஐந்தில் நான்காவது படியே மிக முக்கியமானது. செலவையும் நேரத்தையும் குறைக்க எண்ணிப் பலர் விட்டுவிடுவதும் அதைத்தான். நான் ஆலோசனை கூறி வந்த ஒரு குழுவில் நிகழ்ந்ததை இங்கு குறிப்பிட விரும்புகிறேன்.

அக்குழு நிலக்கடலை விலையை நாள்தோறும் மாலையில் உறுப்பினர்களுக்கு அனுப்பி வந்தது. பங்குனி மாதத்தில் ஒரு நாள் அவர்களின் சாவிக் குறியீடு காலாவதியாகி, விலைச் சேவை விவரம் தர மறுத்தது. செய்தி தடைப்படக் கூடாது என்று தளத்தில் முன்பே ஓர் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. விவரம் வராவிட்டால் கடைசியாக வந்த விலையையே அனுப்ப வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு. மூன்று நாட்கள் ஒரே விலை சென்றது. இரண்டு உழவர்கள் அதை நம்பி, வாடகை வண்டியில் 30 மூட்டைப் பருப்பைத் தொலைவிலுள்ள விற்பனைக்கூடத்திற்குக் கொண்டு சென்றனர். அங்கு விலை மூட்டைக்கு 400 ரூபாய் இறங்கியிருந்தது. உள்ளூர் வியாபாரி கேட்ட விலையை விட அது குறைவு. திருப்பி எடுத்து வந்தால் வண்டி வாடகை இரட்டிப்பாகும் என்பதால் அங்கேயே விற்றுத் திரும்பினர். வாடகையைச் சேர்க்காமலே 12,000 ரூபாய் குறைந்தது.

அனுப்பப்பட்ட விலை உண்மையில் ஒரு நாள் நிலவிய விலைதான். அது மூன்று நாள் பழையது என்பதை மட்டும் செய்தி கூறவில்லை. செய்தியே வராதிருந்தால் அவர்கள் விற்பனைக்கூடத்தைத் தொலைபேசியில் விசாரித்திருப்பார்கள். தேதியைச் சரிபார்க்கும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே வற்புறுத்தாதது என் தவறும் ஆகும். பழைய விவரத்தைப் புதியது போல் தருவதை விட, விவரம் இல்லை என்று கூறுவது மேல்.

சரிபார்க்க வேண்டியவை

நேரம்: நமது நேரம் உலகப் பொது நேரத்தை விட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஓப்பன்-மீட்டியோ போன்ற வானிலைச் சேவைகள், இந்திய நேரம் வேண்டும் என்று தனியே கேட்டாலொழிய, பொது நேரத்திலேயே விவரம் தரும். அதில் 9 மணிக்கு மழை என்றிருந்தால் நமக்கு அது பிற்பகல் 2.30 மணி. இதை மாற்றாமல் அனுப்பினால், காலை 9 மணி கடந்தும் மழை வரவில்லை என்று உழவர் 11 மணிக்கு மருந்து தெளிப்பார். பிற்பகல் மழையில் மருந்தும் கூலியும் சேர்ந்து கரைந்துவிடும்.

அளவு: ஓப்பன்வெதர் என்னும் சேவை, அளவு முறையைக் குறிப்பிடாவிட்டால், வெப்பத்தைக் கெல்வின் அளவில் தரும். அதில் 303 என்பது நமக்கு ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ். இது வெளிப்படையாகத் தெரியும் பிழையாதலால் எவரும் கண்டுபிடித்துவிடுவர். காற்றின் வேகத்தில் வரும் பிழை அப்படித் தெரியாது. அச்சேவை அதை விநாடிக்கு மீட்டரில் தருகிறது. 5 என்று கண்டால் மெல்லிய காற்று என்று தோன்றும். ஆனால் அது மணிக்கு 18 கிலோ மீட்டர். அக்காற்றில் தெளித்த பூச்சிமருந்து பக்கத்து மல்பெரித் தோட்டத்தில் படிந்தால், அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுக்கள் மடியும். விலையிலும் இவ்வாறே. சந்தை விவரங்கள் 100 கிலோ கொண்ட குவிண்டாலுக்குத் தரப்படுகின்றன. நாம் நெல்லை 75 கிலோ மூட்டையாகவும், நிலக்கடலைப் பருப்பை 80 கிலோ மூட்டையாகவும் பேசுகிறோம். குவிண்டால் 2,400 ரூபாய் என்றால் 75 கிலோ மூட்டை 1,800 ரூபாய் ஆகும்.

இரகம்: மஞ்சளில் விரலிக்கும் கிழங்குக்கும் விலை வேறு. நிலக்கடலையில் காய்க்கும் பருப்புக்கும் விலை வேறு. விளைபொருளின் பெயரை மட்டும் பார்த்துப் பிரித்தால் ஒன்றின் விலை மற்றொன்றுக்குப் போய்விடும்.

இடம்: வானிலை முன்னறிவிப்புகள் பல கிலோ மீட்டர் பரப்புக்கு ஒரே மதிப்பாகக் கணக்கிடப்படுகின்றன. உங்கள் வயலில் பெய்யும் மழை அதிலிருந்து மாறுபடலாம்.

வெற்றிடம்: மழைமானி பழுதானால் விவரம் வராது. இணைப்பைச் சரியாக அமைக்காவிட்டால் தளம் அந்த வெற்றிடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, மழை இல்லை என்று அனுப்பிவிடும். மழை 0 என்பதும், விவரம் இல்லை என்பதும் வேறு வேறு.

இணைப்பு அறுந்தால் செய்ய வேண்டியவை

சேவையை அணுகும்போது பதிலோடு ஓர் எண்ணும் வரும். 200 என்றால் விவரம் கிடைத்தது. 401 என்றால் சாவிக் குறியீடு செல்லவில்லை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டோம். 500 என்றால் பழுது சேவையின் பக்கம் உள்ளது. 500 வந்தால் சற்று இடைவெளி விட்டு மீண்டும் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டுவது நல்லது. 401 வந்தால் எத்தனை முறை கேட்டும் பயனில்லை. குழுவின் பொறுப்பாளருக்கு உடனே எச்சரிக்கை செல்ல வேண்டும்.

தேவைக்கு மேல் கேட்பதும் கூடாது. விலையை நாளுக்கு ஒரு முறையும், மழை முன்னறிவிப்பை நாளுக்கு மூன்று முறையும் கேட்டால் போதுமானது. வாரம் இருமுறை, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளிவரும் வேளாண் வானிலை அறிக்கைக்கு அந்த நாட்களே போதும். சில சேவைகள் வணிகப் பயனுக்குக் கட்டணம் கேட்கும். அவற்றின் நிபந்தனைகளை முன்கூட்டியே படித்துக்கொள்ளவும். சாவிக் குறியீட்டைப் பொறுப்பாளர் இருவர் மட்டும் அறிந்திருக்க வேண்டும். அது காலாவதியாகும் நாளைக் குழுவின் நாட்காட்டியில் குறித்து வைக்கவும்.

குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. ஒவ்வொரு செய்தியிலும் தேதி, நேரம், இடம், அளவு, விவரம் தந்தவர் பெயர் ஆகியவை உள்ளனவா?

2. எத்தனை மணி நேரம் பழையதானால் விவரம் நிறுத்தப்படும்?

3. விவரம் வராத நாளில் "இன்று விவரம் கிடைக்கவில்லை, விற்பனைக்கூடத்தில் விசாரிக்கவும்" என்ற செய்தி செல்லுமா?

4. பழுது ஏற்பட்டால் முதலில் யாருக்குத் தெரியும்?

இந்நான்கிற்கும் தெளிவான பதில் கிடைத்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

முதல் மாதம் செய்ய வேண்டியது

தொடக்கத்தில் ஒரு விளைபொருள், ஒரு சந்தை, ஒரு கிராமத்தின் மழை என்று மட்டும் எடுத்துக்கொள்ளவும். கிராமத்தில் திறந்த வெளியில் ஒரு சாதாரண மழைமானியை வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து, நோட்டில் எழுதி வரவும். வானிலைத் துறையும் 24 மணி நேர மழையை அந்நேரத்தில்தான் கணக்கிடுகிறது. 1 மில்லி மீட்டர் மழை ஏக்கருக்கு ஏறக்குறைய 4,047 லிட்டர் நீராகும். எனவே சிறு வித்தியாசமும் பாசனத்தில் பெரிய கணக்காகும். விற்பனைக்கூடத்தின் பலகையில் எழுதப்பட்ட விலையையும் அதே நோட்டில் குறிக்கவும். மாத முடிவில் கைபேசிக்கு வந்த விவரத்தோடு ஒப்பிட்டால், இணைப்பை எந்த அளவு நம்பலாம் என்பது விளங்கும். பிழைகளைத் திருத்திய பிறகு மற்றப் பயிர்களையும் சந்தைகளையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

நீர்பாய்ச்சி ஏரியின் மட்டத்தைப் பார்க்காமல் மடையைத் திறப்பதில்லை. உழவர் பெருமக்களும் தங்கள் குழுவின் இணைப்பில் விவரத்தின் நாளையும் அளவையும் பார்த்த பின்னரே அது உறுப்பினருக்குச் செல்லுமாறு ஏற்பாடு செய்து, பயனடையுமாறு கேட்டுக்கொள்கிறேன்.